தாதர் பாலத்துப் படியில்

மாட்டுங்கா, மும்பை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன வாரம் டெக்கான் குயீன் ரயிலில் வந்து தாதரில் இறங்கினாயே, பாலத்துப் படி ஏறும்போது பையை இரண்டு தடவை கீழே வைத்தாய். கை நடுங்கியதைப் பார்த்தேன். எடை 7 கிலோ குறைந்துவிட்டது என்று நீ சொன்னபோது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு தினமும் 12,000 காலடி நடக்கிறாய். நானும் அதைத்தான் செய்தேன். அப்பாவுக்குச் சர்க்கரை வந்த வருஷம் பயந்துபோய், காலையில் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் நாலு சுற்று, ராத்திரி ரெண்டே இட்லி. 9 கிலோ குறைந்தது, எல்லாரும் மெச்சினார்கள். அப்புறம் ஒருநாள் ஆஸ்திக சமாஜக் கோயிலில் நமஸ்காரம் பண்ணிவிட்டு எழுந்திருக்க முடியாமல், தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். முழங்கால் கோளாறு என்று நினைத்துப் போனால், பிசியோதெரபி பெண் தொடையை அழுத்திப் பார்த்து, “மாமி, கொழுப்போடு தசையும் போயிருக்கு” என்றாள். ‘சதை போட்டாச்சு’ என்போமே, அது இல்லை; நம்மைத் தூக்கி நிறுத்துகிற தசை. சாப்பாட்டை மட்டும் குறைத்து இளைத்தால், போகிற எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதுவாக இருக்கலாமாம்.

நடையை விட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது வேக நடை மாதிரி உழைப்போடு, 2 நாளாவது தசைக்கும் வேலை கொடுக்கச் சொல்கிறது. நாம் இரண்டு பேரும் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

ஜிம் அப்புறம் பார்க்கலாம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடு. தோப்புக்கரணம் மாதிரிதான், ஆனால் நாற்காலி நுனி தொட்டதும் எழுந்துவிடு. இறங்கும்போது மனதுக்குள் மூன்று எண்ணு. எழும்போது மூச்சை விடு, அடக்காதே. முழங்கால் உள்பக்கம் சாயக் கூடாது. இன்னும் 2 தடவை முடியும் என்று தோன்றும்போதே நிறுத்து. 8 முதல் 12 வரை வந்தால் சரி. இளைப்பாறிவிட்டு இன்னொரு சுற்று. அப்புறம் சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. அப்புறம் துணிப்பையில் 2 கிலோ துவரம்பருப்பைப் போட்டு, முதுகை நேராக வைத்துக் குனிந்து, பையைப் பிடித்த கையின் முழங்கையைப் பின்னால் இழுப்பது. 12 தடவை சுலபமாக வந்துவிட்டால் அரை கிலோ சேர். பாரம் கூடினால்தான் தசைக்கு வேலை. நான் இப்போது 5 கிலோவில் இருக்கிறேன். வாரம் 3 நாள் போதும், நடுவில் ஒருநாள் விடு.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிக்கும், பயப்படாதே. மூட்டில் சுருக்கென்று குத்தினால் மட்டும் நிறுத்து. முதல் சில வாரம் எடை அப்படியே நிற்கலாம், கொஞ்சம் ஏறவும் செய்யலாம். புது வேலை கண்ட தசை தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதைப் பார்த்துச் சாப்பாட்டை இன்னும் குறைத்துவிடாதே, கண்ணு. டேப்பை எடுத்து இடுப்பை அள. நம் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருந்தால் நல்லது.

தசை வந்தால் தூங்கும்போதே கொழுப்பு கரையும் என்பார்கள், நம்பாதே. சும்மா இருக்கும் ஒரு கிலோ தசை ஒரு நாளைக்கு 13 கலோரி அளவில்தான் செலவழிக்கும். இளைத்த பிறகும் உன் பையை நீ தூக்க வேண்டும், அதற்குத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

ராத்திரிச் சாப்பாட்டைத் திரும்பக் கொண்டுவா. உன் எடைக்கு ஒரு நாளைக்கு 75 கிராமாவது புரதம் வேண்டும். 100 கிராம் பனீரில் 18 கிராம் கிடைக்கும். பருப்பு ஒரு கிண்ணத்தில் அவ்வளவு வராது. அதனால் பனீர், சுண்டல், கெட்டித் தயிர் எல்லாமே வேண்டும்.

பருப்புப் பொடியும் தையல் டேப்பும் கூரியரில் போட்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை ஆரம்பி, நானும் அன்றைக்குச் செய்கிறேன். நாற்காலியில் எத்தனை வந்தது என்று ராத்திரி சொல்லு.

அன்புடன்,
அம்மா