குறைந்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பண்டைய கிரேக்கத் தத்துவஞானி ஜீனோவின் புதிர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அந்தப் புதிரில் ஓட்டப்பந்தயம் ஓடும் கிரேக்க வீரன் அக்கிலீஸையும் ஆமையையும் ஞாயிறு காலையில் காப்பியோடு சந்தித்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு வாக்கியம் உறுத்துகிறது. கூட்டப்படும் எண்கள் போகப் போகச் சிறுத்துக்கொண்டே வருவதால், முடிவில்லாமல் கூட்டினாலும் விடை ஓர் எல்லைக்குள் நின்றுவிடும் என்கிறார் கட்டுரையாளர். இது தவறு. முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். இதே தவறைச் சுழித்துச் சுழித்தே எத்தனையோ சிவப்புப் பேனாக்களைத் தீர்த்திருக்கிறேன்.

அக்கிலீஸ் விநாடிக்கு 10 மீட்டர் ஓடுகிறான், ஆமை 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம் (ஆமைக்கு இது அநியாய வேகம், கணக்குக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்). ஆமை 100 மீட்டர் முன்னால் நிற்கிறது. அந்த 100-ஐ அவன் கடப்பதற்குள் அது 10 மீட்டர் நகர்ந்துவிடும். அந்த 10-ஐக் கடப்பதற்குள் இன்னும் 1, அப்புறம் 0.1. இப்படியே போனால் பிடிக்கவே முடியாது என்பது ஜீனோவின் வாதம். சரி, இந்தத் தூரங்களை வரிசையாகக் கூட்டிப் பாருங்கள்: 111.111... என்று சுழல் தசமம் வரும். பள்ளிக்கூடத்தில் இதை 1000/9 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்போம். முடிவில்லாத கூட்டல் ஒன்றைச் செய்து முடித்தோம் என்று அப்போது யாருக்கும் தோன்றியிருக்காது.

இங்கே விடை நின்றதற்குக் காரணம், ஒவ்வொரு எண்ணும் முந்தியதில் பத்தில் ஒரு பங்காகச் சிறுத்ததுதான். வெறுமனே சிறுத்தால் போதாது. 1 + 1/2 + 1/3 + 1/4 + ... என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். இதிலும் எண்கள் சிறுத்துக்கொண்டேதான் வருகின்றன. 14-ஆம் நூற்றாண்டில் நிக்கோல் ஒரேம் என்ற பிரெஞ்சு அறிஞர் இதற்கு ஓர் அழகான வழி காட்டினார். 1/3, 1/4 இரண்டும் சேர்ந்தால் அரைக்கு மேல். அடுத்த நான்கு பின்னங்கள் சேர்ந்தாலும் அரைக்கு மேல். அடுத்த எட்டு, அடுத்த பதினாறு என்று அரை அரையாக வந்துகொண்டே இருக்கும். நீங்கள் எவ்வளவு பெரிய எண்ணைச் சொன்னாலும் இந்தத் தொடர் அதைத் தாண்டிவிடும். நத்தை வேகம்தான், 10-ஐத் தாண்டவே 12,367 உறுப்புகள் வேண்டும். ஆனால் தாண்டும்.

இதை ஓட்டமாகவே பார்க்கலாம். ஒருவர் 100 மீட்டரில் முதல் பாதியை 1 நிமிடத்தில் ஓடுகிறார். மிச்சத்தில் பாதியை 1/2 நிமிடத்தில், அதன் மிச்சத்தில் பாதியை 1/3 நிமிடத்தில். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆகும் நேரம் குறைந்துகொண்டே வருகிறது. ஆனாலும் எத்தனை நாள் காத்திருந்தாலும் அவர் கோட்டைத் தொடமாட்டார்! தூரம் பாதியாகும் வேகத்துக்கு நேரம் குறையவில்லை, அவ்வளவுதான். இவர் விஷயத்தில் ஜீனோ சொன்னதே சரி. அக்கிலீஸ் தப்பித்தது ஒரே சீரான வேகத்தில் ஓடியதால்.

நியூட்டன் எல்லாவற்றையும் தீர்த்துவைத்தார் என்று கட்டுரை ஒரே வரியில் கடந்துவிடுவதும் சரியல்ல. '0.999... ஒன்றைவிட ஒரு துளி குறைச்சல்தானே சார்?' என்று வருடத்துக்கு ஒரு மாணவனாவது கேட்பான். நல்ல கேள்வி. கடைசி உறுப்பு என்று ஒன்றே இல்லாதபோது கூட்டி முடிப்பது எப்படி? 1821-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷி வெளியிட்ட பாடநூலில்தான் இதற்குத் தெளிவான வரையறை கிடைத்தது. கூட்டிக்கொண்டே போகும்போது, நாம் கேட்கும் அளவுக்கு எந்த எண்ணை நெருங்கி, அப்புறம் விலகாமல் இருக்கிறோமோ அந்த எண்தான் விடை. ஜீனோ வாழ்ந்தது கிமு 5-ஆம் நூற்றாண்டு. இரண்டாயிரத்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஒவ்வொரு கணத்திலும் அம்பு ஓரிடத்தில் நிற்கிறது என்றால் அது நகர்வது எப்போது என்று கேட்கும், பறக்கும் அம்பைப் பற்றிய ஜீனோவின் புதிரைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. உங்கள் விளையாட்டுப் பக்கத்துப் படத்தில் பந்து அந்தரத்தில் நிற்கிறதே, அதுதான் அந்தப் புதிர். ஒரு படத்தை வைத்து வேகம் சொல்ல முடியாது. சற்று முன்பின் எடுத்த படங்களும் வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம். அக்கிலீஸ் புதிரைச் சொல்லும் அரிஸ்டாட்டில் அக்கிலீஸின் பெயரைக் குறிப்பிட்டாலும் ஆமையைச் சொல்வதில்லை. ஆமை வருவது பின்னால் வந்த உரையாசிரியர்களிடம்.

பிளஸ் டூ பிள்ளைகளும் இந்த இணைப்பைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தஞ்சாவூர்