ஜப்பானிய மொழி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். ஜப்பானிய நிறுவனங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு, குனிந்து வணங்கும் முறையையும் மேலதிகாரியிடம் பேச வேண்டிய மரியாதை மொழியையும் தாங்கள் பொறுமையாகக் கற்றுத்தருகிறீர்கள். அந்தப் பாடத்தோடு ஒரு நாவலையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். பெல்ஜிய எழுத்தாளர் அமேலி நோத்தோம் பிரெஞ்சில் எழுதி 1999இல் வெளியான அந்த நாவல், ஆங்கிலத்தில் ‘ஃபியர் அண்ட் டிரெம்ப்ளிங்’ என்ற பெயரில் வந்திருக்கிறது.

கதையின் அமேலி, 1990இல் டோக்கியோவின் யுமிமோட்டோ என்னும் கற்பனை நிறுவனத்தில் சேர்கிறாள். அவளுக்கு ஜப்பானிய மொழி நன்றாகவே வரும். சிக்கலே அங்குதான் தொடங்குகிறது. வெளி நிறுவனத்தார் கூடியிருந்த அறையில் ஒவ்வொருவருக்கும் தேநீர் கொடுத்து, உரிய உபசார மொழியைப் பிசகாமல் சொல்கிறாள். தங்கள் பேச்சு புரிகிற வெள்ளைக்காரி பக்கத்தில் நின்றால் விருந்தினர் எப்படி மனம்விட்டுப் பேசுவார்கள் என்று பிறகு கடிந்துகொள்ளும் மேலதிகாரி சைட்டோ, இனி ஜப்பானிய மொழியே தெரியாதவளாக இருக்கும்படி ஆணையிடுகிறார். அந்த மொழிக்காகவே வேலைக்கு எடுக்கப்பட்டவள் அவள்! ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் உச்ச நிலையான என்1 தேர்வே முடிந்த முடிவு என்று படிக்கும் மாணவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும்.

அடுத்து, டென்ஷி என்பவர் கேட்டதற்காக, கொழுப்புக் குறைந்த பெல்ஜிய வெண்ணெயைப் பற்றி அருமையான அறிக்கை ஒன்று எழுதித் தருகிறாள். நேரடி மேலாளரான ஃபுபுகியைத் தாண்டிப் போனதால் அதுவும் குற்றமாகிறது. தெரிவி, தொடர்புகொள், கலந்துபேசு என்று ‘ஹோரென்ஸோ’ என்னும் ஜப்பானிய அலுவலக நடைமுறைக்குத் தாங்கள் விளக்கம் சொல்லும்போது, இந்த வெண்ணெய்க் கதையையும் சொல்லலாம். கடைசியில் 44ஆம் மாடிக் கழிவறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான் அவளுக்கு மிஞ்சுகிறது.

ஆனால் இதுதான் ஜப்பான் என்று மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டாம். ஃபுபுகியும் ஆண்களின் அலுவலகத்தில் பல்லாண்டு பொறுத்திருந்து மேலே வந்தவள்தான். துணைத் தலைவர் எல்லார் முன்னிலையிலும் அவளைத் திட்டித் தீர்க்க, கழிவறைக்குள் ஒதுங்கி அழுகிறாள். ஆறுதல் சொல்ல அமேலி பின்னாலேயே போய்விடுகிறாள். அந்தக் கண்ணீரை ஒருவர் பார்த்துவிட்டதே ஃபுபுகிக்கு இரண்டாவது அவமானம். முதல் வாசிப்பில் நானும் அமேலியின் பக்கமே நின்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

காலமும் மாறியிருக்கிறது. பணியிட அதிகாரத் துன்புறுத்தலைத் தடுக்க வேண்டிய கடமை 2020 ஜூனில் பெருநிறுவனங்களுக்கும், 2022 ஏப்ரலில் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கும் சட்டமாக வந்தது. காரணமின்றித் தகுதிக்கு மிகக் குறைந்த வேலையைக் கொடுத்து ஒருவரைச் சிறுமைப்படுத்துவதும் அரசின் வழிகாட்டுதலில் துன்புறுத்தலாகவே குறிக்கப்பட்டுள்ளது. ஆகவே, கழிவறைப் பகுதியை வாசிக்கும் நாளன்று அதிகாரத் துன்புறுத்தலைக் குறிக்கும் ‘பவஹாரா’ என்ற ஜப்பானியச் சொல்லையும், தொழிலாளர் துறை அலுவலகங்களில் உள்ள ஆலோசனைப் பிரிவுகளைப் பற்றியும் பலகையில் எழுதிப்போடுங்கள்.

இப்படிக்கு,
ஒசாகா அலுவலகம் ஒன்றில் சில ஆண்டுகள் பணிபுரிந்த ஒரு வாசகர்