காயீனை வெட்டாதீர்கள்: பெயோவுல்ஃபுக்கு நோட்ஸ் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கில இலக்கியத்துக்கு நோட்ஸ் எழுதுகிற, அதை வகுப்பில் நடத்துகிற ஆசிரியர்களுக்கு வணக்கம்.

பழைய ஆங்கிலக் காப்பியமான பெயோவுல்ஃபை நான் படித்தபோது கைக்குக் கிடைத்த நோட்ஸில் 'கிரெண்டல், சதுப்பு நிலத்தில் வாழும் கொடிய அரக்கன்' என்று ஒரே வரிதான் இருந்தது. அவன் யார் வம்சம், ஏன் வருகிறான் என்று ஒரு சொல் கிடையாது. 3182 வரிகள் உள்ள காப்பியத்தில் நூறைத் தாண்டியதுமே கவிஞர் அதைச் சொல்லிவிடுகிறார் என்பது மூலத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது: தம்பி ஆபேலைக் கொன்ற காயீனின் வழிவந்தவன் அவன். பூதங்கள், எல்ஃபுகள், நடமாடும் பிணங்கள், கடவுளோடு மோதிய இராட்சதர் எல்லாருக்கும் அந்தக் கொலைகாரன்தான் மூதாதை.

ஆதியாகமத்தில் காயீனுக்குக் கிடைத்த சாபம், பூமியில் நிலையற்று அலைவது. கிரெண்டலும் எல்லையோரமாகவே அலைகிறான். டேனியர்களின் அரசன் ஹ்ரோத்கார் கட்டிய ஹெயோரோட் என்ற விருந்து மண்டபத்துக்குள் யாழிசையோடு உலகம் படைக்கப்பட்ட கதையைப் பாடுகிறார்கள், வெளியே இருட்டில் கிடந்து தினம் தினம் அந்தச் சந்தோஷத்தைக் கேட்டு அவன் துடிக்கிறான். இதை விட்டுவிட்டு எதைப் பாடம் நடத்துவது?

சரி, உள்ளே இருப்பவர்கள் யோக்கியமா? ஹ்ரோத்கார் அரசனின் காலடியில் உட்கார்ந்திருக்கும் உன்ஃபெர்த், கூடப் பிறந்தவர்களையே கொன்றவன். கிரெண்டலோடு மோத வந்திருக்கும் காப்பிய நாயகன் பெயோவுல்ஃப் அதை முகத்துக்கு நேராகவே சொல்கிறான். கவிஞர் காயீனைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

அப்புறம், இந்தக் காயீன் விஷயம் கவிஞருக்கும் நமக்கும்தான் தெரியும், கதையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கிரெண்டலுக்கு அப்பன் உண்டா என்றே யாருக்கும் தெரியாது என்கிறான் ஹ்ரோத்கார். பிறகு, கிரெண்டலின் தாய் வாழ்ந்த ஏரியின் அடியிலிருந்து பெயோவுல்ஃப் கொண்டுவந்த பழைய வாள்பிடி ஹ்ரோத்காரின் கைக்கு வருகிறது. இராட்சதர் குலத்தை அழித்த பெருவெள்ளம் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. உற்றுப் பார்க்கிறான். அதன் பிறகு நீளமாகப் பேசுகிறான், ஆனால் வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட வாயிலிருந்து வருவதில்லை. எனக்கு இந்தக் காப்பியத்திலேயே நெஞ்சை அடைக்கும் இடம் அதுதான்.

இருப்பது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி. அதுவும் 1731இல் தீயில் ஓரம் கருகித் தப்பியது. அதில் காயீன் பெயர் முதலில் வரும் இடத்தில் அது நோவாவின் மகன் காமின் பெயர்போலத் தவறாக எழுதப்பட்டு, பிறகு சுரண்டித் திருத்தப்பட்டிருக்கிறது. அந்த ஒரு எழுத்துக்கே அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள். அடுத்த பதிப்பில் 102 முதல் 114 வரையுள்ள வரிகளையாவது முழுதாகப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நோட்ஸைப் படித்துத் தேறிய ஒரு வாசகன்