அண்ணாமலைக்கு எத்தனை அச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் என் ஐயா காலமானார். எங்கள் சிவகங்கைப் பக்கம் அப்பாவைப் பெற்றவரை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். வயது 86. காரைக்குடியில் ஓர் அச்சகத்தில் 46 வருஷம் கம்பாசிட்டராக, அதாவது அச்செழுத்துக் கோப்பவராக, நின்றே வேலை பார்த்தவர். உங்கள் பத்திரிகையைக் கண் தெரிந்தவரை விடாமல் படித்தவர் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். வாசகர்களிடம் கேட்க ஓர் உதவியும் இருக்கிறது.

"கம்பன் கழகம் ஆரம்பிச்ச வருஷம் பொறந்தவன்டா நான்" என்று பெருமையாகச் சொல்வார். அதாவது 1939. அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றது. 14 வயதில் அச்சகத்தைக் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தார். தரையில் சிந்திக் கிடக்கும் ஈய எழுத்துகளைப் பொறுக்கி, எழுத்துப் பெட்டியில் அதனதன் அறையில் போடுவதுதான் முதல் இரண்டு வருஷ வேலை. அந்தப் பெட்டியைக் கேஸ் என்பார்கள். எந்த எழுத்துக்கு எந்த அறை என்று பெட்டியைப் பார்க்காமலே கை போகும் அளவுக்குப் பழகிய பிறகுதான் ஸ்டிக்கை, அதாவது எழுத்துகளை வரியாகக் கோக்கும் சிறு தட்டை, கையில் கொடுத்தார்களாம்.

இடது கையில் ஸ்டிக், வலது கை கேஸில். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கும், வரி தலைகீழாக நிற்கும். அப்படியே படித்துப் படித்து, எந்தத் தாளையும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தலைகீழாக வாசிக்க அவரால் முடிந்தது. சின்ன வயதில் நான் திண்ணையில் பேப்பரை விரித்துச் சத்தம் போட்டுப் படிப்பேன். எதிரே வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பவர், "ஆத்தா, அந்த இடத்துல 'க்' இருக்கு, விட்டுட்டே" என்பார். நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். நான் இன்றைக்கு ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால் அந்தத் திண்ணைதான் காரணம்.

எங்கள் ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. பாட்டன், பூட்டன், தாய்மாமன் என்று எல்லாரும் வருவார்கள். மெய்யப்பன், வள்ளியப்பன், பழனியப்பன், கருப்பையா. தை மாதம் பிறந்தால் முதலில் தீர்ந்துபோவது 'ப்' என்று ஐயா சொல்வார். தீர்ந்தால் அடித்து முடித்த பாரத்தை, அதாவது கோத்துக் கட்டிய எழுத்துப் பக்கத்தை, பிரித்து, எழுத்தைத் திரும்ப அறையில் போட்டுத்தான் அடுத்ததைக் கோக்க முடியும். முகூர்த்தக் காலத்தில் இரவு பத்து மணிக்கு முன்னால் வீடு திரும்பியதில்லை என்று அப்பத்தா சொல்லும். எந்நேரம் வந்தாலும் சவுக்காரம் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவாமல் பிள்ளைகளைத் தொடமாட்டார். ஈயம் பட்ட கை.

1978-ல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. பெரியார் 1935-லேயே தம் ஏட்டில் கையாண்ட எழுத்துகள்தான். ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ என்று 13 எழுத்துகளின் உருவம் மாறியது. எனக்கு இது பாடப்புத்தகச் செய்தி, ஐயாவுக்கோ கைப்பழக்கம். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு அண்ணாமலை உண்டு. பழைய முறையில் அந்தப் பெயருக்கு அ, ண், ணா, ம, லை என்று 5 அச்சு போதும். ணாவும் லையும் ஒற்றை அச்சாகவே வார்த்து வரும். புதிய முறையில் ணாவுக்குத் தனியாகக் கால், லைக்குத் தனியாக இணைக்கொம்பு. ஆக 7 அச்சு. இருபத்தைந்து வருஷமாக 5 எடுத்த கை 7 எடுக்கப் பழக ஆறு மாதம் ஆனதாம். ஆனாலும் அந்த மாற்றத்தை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. "புள்ளைங்க படிக்கச் சுளுவாயிருக்குல்ல" என்பார்.

ஆப்செட்டும் கம்ப்யூட்டரும் வந்தபின் 1999-ல் அச்சகத்தை மூடினார்கள். வருங்கால வைப்பு நிதி என்று ஒரு காசு பிடித்ததில்லை. கையில் கொடுத்தது ஒரு மாதச் சம்பளம். இதை நான் மறக்கவில்லை, அவர் மறந்துவிட்டார். அவரை வருத்தியது வேறு. எழுத்தையெல்லாம் எடைக்குப் போட்டார்கள். கேஸைக் கவிழ்த்துக் கோணியில் கொட்டும் வேலையையும் அவரிடமே சொன்னார்கள். அன்றைக்குக் கடைசியாக அடித்த ஒரு காதணி விழாப் பத்திரிகையின் பாரம் பிரிக்காமல் கிடந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து அறையில் போட ஆரம்பித்தார். "எதுக்குய்யா, எல்லாம் கோணிக்குத்தானே போகுது" என்றாராம் முதலாளி. ஐயா பதில் சொல்லவில்லை. பொழுது சாயும்வரை பிரித்து முடித்தார். அப்புறம்தான் கவிழ்த்தார்.

அதன்பிறகு பத்து வருஷம் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினார்.

சென்ற வருஷம் எங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவில், பழம்பொருள் கடை ஒன்றின் வாசலில் காலி கேஸ் ஒன்று சாத்தி வைத்திருந்ததைப் பார்த்தேன். குட்டிப் பொம்மைகளை அடுக்கச் சுவரில் மாட்டுவார்களாம். வீட்டுக்கு வந்து ஐயாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "நோட்டு எடுத்துட்டு வா" என்றார். கட்டிலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, மடியில் கேஸ் இருப்பதுபோல் வலது கையை நீட்டினார். எழுத்தைச் சொன்னால் கை அந்த அறைக்குப் போகும். வாயால் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, கைக்குத்தான் தெரிந்திருந்தது. நான் கட்டம் போட்டு எழுதிக்கொண்டே வந்தேன். உடம்பு முடிந்த நாள்களில் நாளைக்கு நாலைந்து அறைகள்.

எங்கள் மாவட்டத்தில் கீழடியில் 2023-ல் அருங்காட்சியகம் திறந்தார்கள். பானை ஓட்டில் கீறிய எழுத்தை என் மாணவர்களைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அதுபோல எழுத்தெல்லாம் நிரம்பிய ஒரு தமிழ்க் கேஸை, ஸ்டிக்கோடும் காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சு இயந்திரத்தோடும், பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும்படி மாவட்டத்துக்கு ஓர் இடத்தில் வைக்க அரசு முன்வர வேண்டும். கோக்கத் தெரிந்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள், தாமதிக்க நேரமில்லை.

வாசகர்களில் பழைய கம்பாசிட்டர்கள் யாரேனும் இருந்தால் தங்கள் கேஸின் வரிசையை உங்கள் முகவரிக்கு எழுதி அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். அச்சகத்துக்கு அச்சகம் கொஞ்சம் மாறும் என்று ஐயா சொல்லியிருக்கிறார், பரவாயில்லை. என் நோட்டில் கீழ் வரிசையில் மூன்று கட்டங்கள் இன்னும் காலியாக இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு கம்பாசிட்டரின் பேத்தி,
காரைக்குடி.