சொல்வரிசைப் பதிவுக்குப் பேசிக் கொடுத்தவர்களுக்கு நன்றி

யாங்கோன், பாகோ, மோல்மீன் ஊர்களில் எங்களுக்காக உட்கார்ந்து பேசிக் கொடுத்த ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும், பர்மிய வாக்கியங்களைச் சரிபார்த்துத் தந்த தம்பி தங்கைகளுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

இங்குள்ள தமிழின் சொல்வரிசையைப் பர்மியம் மாற்றியிருக்கிறதா என்று பார்ப்பதே எங்கள் வேலை. உங்களைத் தேடி வந்ததற்குக் காரணம் உண்டு. ஆப்பிரிக்க மொழிகளை வகைப்படுத்திப் பெயர் பெற்ற ஜோசப் கிரீன்பெர்க் (1915–2001), அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துவிட்டு 1962இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனவர். 1961இல் நியூயார்க் மாநிலத்தின் டாப்ஸ் ஃபெரியில் கூடிய மொழியியல் மாநாட்டுக்கு அவர் எழுதி, 1963இல் அச்சேறிய கட்டுரை 30 மொழிகளை ஒப்பிட்டு 45 பொதுமைகளை, அதாவது மொழிகளுக்குப் பொதுவாகப் பொருந்தும் விதிகளை, சொன்னது. அந்த முப்பதில் பர்மியம் உண்டு. திராவிட மொழிகளில் கன்னடம் மட்டுமே, தமிழ் இல்லை. பர்மியமும் தமிழும் வீட்டிலேயே புழங்குகிறவர்கள் நீங்கள்.

வினை கடைசியில் வரும் மொழியில் உருபு பெயருக்குப் பின்னால்தான் வரும், விலக்கு மிகக் குறைவு என்பது அவருடைய நான்காம் பொதுமை. நம் ‘வீட்டில்’, பர்மிய ‘எய்ன்மா’ இரண்டும் அப்படியே. இதைப் பர்மியத்தின் தாக்கம் என்று எழுதிவிட முடியாது. கப்பல் ஏறும் முன்பே தமிழ் அப்படித்தான் இருந்தது. இரண்டு மொழியும் பிரிகிற இடத்தில்தான் சான்று கிடைக்கும். பர்மியத்தில் நாய் முதலில், எண் அடுத்து, எண்ணப்படுவது எந்த வகை என்று காட்டும் அலகுச்சொல் கடைசியில்: ‘க்வே ஹ்னகவுங்’. தமிழில் ‘ரெண்டு நாய்’. எண்ணிக்கைப் படங்களை அத்தனை முறை காட்டியது அதற்காகத்தான். ‘வாழப்பழம் ரெண்டு குடுங்க’ என்பது தமிழ்நாட்டுக் கடையிலும் கேட்கிற பேச்சு, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று எடுத்துச் சொன்ன பெரியவர்களுக்குத் தனி நன்றி. அது இல்லையென்றால் முடிவே தவறியிருக்கும்.

பர்மிய வாக்கியத்தைச் சொல்லித் தமிழில் கேட்டால் அதே வரிசை ஒட்டிக்கொண்டு வரும். அதனால்தான் படம். ‘யாரை அடிச்சான்?’ என்று கேட்டால் செயப்படுபொருள் முன்னுக்கு ஓடிவிடும், ‘என்ன நடக்குது?’ என்று மட்டுமே கேட்க வேண்டும். படத்தில் அடிப்பவரும் அடிபடுபவரும் ஆட்களாக இருந்ததும் காரணத்தோடுதான். ‘தண்ணி குடிச்சான்’ என்று உயிரற்ற பொருள் வந்தால் ஐ உருபு விழுந்துவிடுகிறது. பர்மியத்தில் அதே வேலையைச் செய்யும் ‘கோ’ உருபும் அப்படியே விழும். ஒரே மாதிரிப் படங்களுக்குச் சலிக்காமல் பதில் சொன்னீர்கள்.

சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னதைப் பொறுத்துக்கொண்டீர்கள். பேச்சில் ‘வந்தான்’ என்பதன் கடைசி ஒலி மூக்கொலியாகத் தேய்ந்துவிடும். விசிறி இரைச்சல் அதையும் விழுங்கினால் வந்தவன் ஆணா பெண்ணா என்றே பதிவில் தெரியாது. கூடத்தைத் திறந்துவிட்ட கோயில் நிர்வாகத்தாருக்கும், அந்த நேரத்தில் மணியடிக்காமல் காத்திருந்த குருக்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அவரவர் குரல் பதிவின் படியை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம். எந்தப் பகுதி வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
பதிவுக் குழுவினர்,
யாங்கோன்