செல்லோவுடன் மூன்று மாலைகள்: நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். செல்லோ (வில்லால் வாசிக்கும் பெரிய தந்திக்கருவி) இசைக்கலைஞர் யோ-யோ மாவின் இசைவாழ்வைக் குறித்து எங்கள் வாசகசாலை மாடியில் மூன்று மாலைகள் நடந்த கேட்பரங்கு கடந்த ஞாயிறன்று நிறைவுற்றது. துணைநின்றவர்கள் தம் பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டதால், பெயர் குறிப்பிடாமலே நன்றி சொல்கிறேன்.

பல்லாண்டுகளாகப் பேணிவந்த இசைத்தட்டுகளை நம்பித் தந்த ஓய்வுபெற்ற பொறியாளருக்கு முதல் நன்றி. தனிச் செல்லோவுக்கென்று ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் இயற்றிய ஆறு நடனத் தொகுப்புகளையும் மா மூன்று முறை முழுமையாகப் பதிவு செய்துள்ளார். 1983-இல் வெளியான முதற்பதிவு பொறியாளரிடம் இருந்ததால்தான், முப்பதை எட்டாத இளைஞரின் வில்லையும் 2018-இல் அறுபதைக் கடந்துவிட்டவரின் வில்லையும் அடுத்தடுத்துக் கேட்க முடிந்தது. முன்னதில் தெளிவும் வேகமும் மிகுதி. பின்னதில் சுரங்களுக்கு இடையிலான மௌனமும் இசையாகிறது என்பது என் கருத்து.

தம் செல்லோவையே சுமந்துகொண்டு மூன்று நாளும் மாடியேறி வந்த ஆசிரியைக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மா எதையும் வாசிப்பார் என்று பொதுவாகப் புகழ்ந்துவிடுகிறோம். ஒவ்வொரு மரபுக்கும் கையும் செவியும் எவ்வளவு மாற வேண்டியிருக்கிறது என்பதை ஆசிரியை வாசித்துக் காட்டிய பிறகே உணர்ந்தோம். பாக்கின் ஐந்தாம் தொகுப்புக்காக உச்சத் தந்தியை ஒரு முழுச்சுரம் இறக்கிக் கட்டினார். பரோக் எனப்படும் பழைய ஐரோப்பிய இசையை வாசிக்கும் குழுவுடன் வாசிப்பதற்காக மா தம் 1712-ஆம் ஆண்டு ஸ்ட்ராடிவாரியஸ் செல்லோவைப் பழைய முறைக்கு மாற்றியமைத்துக்கொண்டதை விளக்கியபோது, ஆசிரியை தாமும், கருவியைத் தரையில் ஊன்றும் தாங்குமுள்ளை உள்ளிழுத்துவிட்டுக் கருவியை முழங்கால்களுக்கிடையே இடுக்கி வாசித்தார். 1996-இல் எட்கர் மேயர், மார்க் ஓகானர் ஆகியோருடன் மா பதிவு செய்த அப்பலாச்சிய (அமெரிக்க மலைப்பகுதி நாட்டுப்புற மரபு) இசையை ஒலிக்கவிட்டு, செவ்வியல் பயிற்சியில் ஊறிய விரலதிர்வை (தந்திமேல் விரலை அசைத்துச் சுரத்தை அதிரச் செய்வதை) குறைத்து நேராக ஒலிக்கும் சுரம் எவ்வளவு கடினமானது என்றும் காட்டினார். அந்த அரைமணி நேரத்துக்காகவே இந்த அரங்கை நடத்தியிருக்கலாம்.

எங்கள் கையேட்டின் பிழையைத் திருத்திய இளம் ஆய்வாளருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். பல நாட்டு இசைக்கலைஞர்களை ஒன்றுசேர்க்கும் பட்டுப்பாதைத் திட்டத்தை மா தொடங்கியது 1998-இல். அதன் இசைக்குழு அமெரிக்காவின் இசைவிழாத் தலமான டாங்கிள்வுட்டில் முதன்முதலாகக் கூடியது 2000-இல். இரண்டையும் ஒன்றென்று எழுதியிருந்தேன். சீனத் தந்திக்கருவி பீப்பாவும் ஈரானிய வில்கருவி கமாஞ்சேவும் சந்தீப் தாஸின் தபலாவும் ஒரே மேடையில் அமர்ந்த குழுவின் வரலாற்றில் அந்தப் பிழை அப்படியே நின்றிருந்தால் மிகவும் வருந்தியிருப்பேன்.

1980-இல் மாவுக்கு நடந்த முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சையைப் பற்றிக் கேள்வி எழுந்தபோது, முதுகு வளைவு செல்லோ வாசிப்பவருக்கு என்னென்ன இடர் தரும் என்று பொறுமையாக விளக்கிய உடலியக்க மருத்துவருக்கும், நாற்காலிகளை அடுக்கிய மாணவர்களுக்கும், தேநீர் தந்த அண்டை வீட்டு அக்காவுக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

இசைத்தட்டுகள் அனைத்தும் கீறலின்றி உரியவரிடம் சேர்ந்துவிட்டன. திருத்திய கையேட்டை வாசகசாலையில் எவரும் பெற்றுக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
கேட்பரங்கு ஒருங்கிணைப்பாளர்