கால்பந்து மைதானத்தில் இருபாலீர்ப்பைக் கேலி செய்வது பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளிகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டிகள் தொடங்கவிருக்கின்றன. சீருடை, பயண நேரம் பற்றிப் பயிற்சியாளர் தனியே எழுதுவார். நான் எழுதுவது மைதானத்தில் காதில் விழும் பேச்சைப் பற்றி.

ஒன்றுக்கு மேற்பட்ட பாலினத்தவர் மீது ஈர்ப்பு கொண்டவர்களை இருபாலீர்ப்பாளர் என்கிறோம். அவர்களுக்கு நேரும் அவமதிப்பில் வசையைவிட நம்பாமையே அதிகம். 'குழம்பிப்போயிருக்கிறான்', 'வயசுக்கோளாறு, தானே சரியாகிவிடும்' என்பார்கள். அவன் ஒரு பெண்ணோடு பழகினால், 'அப்போ சொன்னதெல்லாம் பொய்தானே?' என்று கேட்பார்கள். பெண்கள் அணியில் 'எல்லாரும் தன்னைப் பார்க்கணும்னு சொல்றா' என்ற பேச்சும், உடைமாற்றும் அறையில் விலகி நிற்பதும் நடக்கும். இதில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. அதனாலேயே பயிற்சியாளர்கள் இதைக் கேலி என்றே எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள்.

இங்கிலாந்தின் ஷெப்பி யுனைடெட் கால்பந்து அணியில் அப்போது ஆடிய ஜமால் ஹவ்லெட்-மண்டில் தாம் இருபாலீர்ப்பாளர் என்று 2021 ஜூலையில் வெளிப்படையாகச் சொன்னார். சில வாரங்களுக்குள் ஓர் ஆட்டத்தின்போது வசைக்கு ஆளானார். வளர்ந்த வீரருக்கே இந்த நிலை என்றால், பதினான்கு வயதுப் பிள்ளை வாய் திறக்குமா?

ஆட்டவிதி 12-ன்படி, அவமதிக்கும் சொல்லுக்கும் செய்கைக்கும் சிவப்பு அட்டை உண்டு. பாலீர்ப்பின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதை ஃபிஃபாவின் சட்டதிட்டங்கள், பிரிவு 4, தடை செய்கின்றன. நம் பயிற்சி ஆட்டங்களிலும் இதே அளவுகோல்தான். அப்படியொரு சொல் கேட்டால் பயிற்சியாளர் அந்த நொடியே விசில் அடித்து, எந்தச் சொல் ஏன் தவறு என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி, சொன்னவரை வெளியே உட்கார வைப்பார். நீண்ட அறிவுரை வேண்டாம். அது எல்லாருடைய கண்ணையும் பாதிக்கப்பட்ட பிள்ளை பக்கம் திருப்பிவிடும். அன்று மாலைக்குள் சொன்ன வார்த்தையை அப்படியே பதிவேட்டில் எழுதி, சொன்னவர் வீட்டுக்குத் தகவல் தருவோம். பார்வையாளர் பக்கமிருந்து குரல் வந்தால் முதலில் ஆட்டத்தை நிறுத்தி எச்சரிப்போம். தொடர்ந்தால் அணிகளைச் சிறிது நேரம் வெளியே அழைத்துக்கொள்வோம். அதற்கும் அடங்காவிட்டால் ஆட்டம் கைவிடப்படும். கத்தியவர் பெற்றோராக இருந்தாலும் இதுதான்.

இனி நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். கேலிக்கு ஆளான பிள்ளையின் வீட்டுக்குப் பேசும்போது, 'அவமதிப்பாகப் பேசினார்கள்' என்று மட்டுமே சொல்வோம். தன் ஈர்ப்பைப் பற்றி அந்தப் பிள்ளை எங்களிடம் சொன்னதை, அதன் சம்மதமில்லாமல் உங்களிடமும் சொல்ல மாட்டோம். பிள்ளையின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டுமே இதற்கு விலக்கு. வீட்டில் தெரிந்துவிடும் என்ற பயம்தான் பிள்ளைகளைப் புகார் சொல்லவிடாமல் தடுக்கிறது. 'நீ அப்படியா?' என்று எந்த ஆசிரியரும் கேட்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். கேலியைத் தடுக்க அந்தக் கேள்விக்கான பதில் தேவையே இல்லை.

உங்கள் பிள்ளை வீட்டில் இதைப் பற்றிப் பேசினால், குறுக்கே பேசாமல் கேளுங்கள். 'நீ பதிலுக்கு என்ன சொன்னாய்?' என்ற கேள்வி பழியைப் பிள்ளை தலையில் கட்டிவிடும். எந்த ஆட்டம், யார் சொன்னது, என்ன வார்த்தை என்று குறித்து உடற்கல்வி ஆசிரியரிடமோ என்னிடமோ கொடுங்கள். புகார் பயிற்சியாளர் மீதே என்றால் நேராக என்னிடம் வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்